இரைச்சலை அடக்கிய இரண்டு மணி நேரம்

கண்ணு,

முந்தாநாள் பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே நீ ஒன்று சொன்னாய். உனக்கு அது நினைவில் இருக்குமோ இருக்காதோ, எனக்கு அதன் பிறகு வேறெதுவும் காதில் ஏறவில்லை. "படிப்பு நமக்கு வோணாம்மா. நான் படிச்ச படிப்புக்கு ஒரு ஆளே போய்ட்டாரு." சொல்லிவிட்டு ஜிப்பை இழுத்தாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை. அங்கே நின்றுகொண்டு, பர்னரைத் துடைத்துக்கொண்டு, நீ கிளம்பிப் போகும்வரை வெளியே வராமல் இருந்தேன். நீ இப்போது கல்மண்டபத்தில் உன் சிநேகிதன் அறையில் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை குஜராத் ரயில் ஏறுகிறாய், ஏதோ ஒரு துறைமுகத்தில் கன்டெய்னருக்குக் கொக்கி மாட்டுகிற வேலைக்கு. நீ ஏறுவதற்குள் உனக்குத் தெரியவேண்டியதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன், கடைசிவரை இழுத்தால் எழுதாமல் விட்டுவிடுவேன். அப்பா கடலில் இருந்து கூப்பிட்டது கரைக்குக் கேட்காமல் போனதற்குக் காரணம் நீ இல்லை. நான்.

இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டப்போவதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நம் கூடத்தில் தெருவே நின்றிருந்தபோது நீ அந்தப் பழியை எடுத்துக்கொண்டாய். இப்போது உன் காதில் மட்டும் உண்மையைச் சொன்னால் அது பாதி உண்மை. அதனால் சித்தப்பாவுக்கு முதலில் படித்துக்காட்டுவேன். அதன் பிறகு இந்தக் குப்பத்தில் யார் கேட்டாலும் கொடுப்பேன்.

நம் வீட்டுக்குப் பெட்டி வந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்துக் கதை தெரியாது. தெருப் படகுகள் எல்லாம் சேர்ந்து கரையில் ஒரு வயர்லெஸ் வைக்கலாம் என்று பேசியபோது, யார் வீட்டில் வைப்பது என்று ஒரு சண்டை வந்தது. உன் அப்பா, "என் வூட்ல வையி. அவ பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ, எழுதி வெச்சிக்குவா" என்றார். அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் படிப்பை யாரும் ஒரு காரியத்துக்காகக் கேட்டதே இல்லை. ஒரு நீளநோட்டு வாங்கி, கோடு போட்டு, படகு, மணி, எங்கே இருக்கிறது, காற்று எப்படி என்று நான்கு கட்டம் பிரித்தேன். காலை எட்டுக்கு, பகல் பன்னிரண்டுக்கு, மாலை நான்குக்கு ஒவ்வொரு படகும் தன் கைச்செட்டில், அந்தக் கையடக்க வயர்லெஸில், கூப்பிட வேண்டும். கடலில் எனக்குப் பெயர் கிடையாது. கரை என்றுதான் கூப்பிடுவார்கள். உன் அப்பா மட்டும் கூட ஒன்று சேர்த்துக்கொள்வார். "இன்னாமே கரை, துன்னியா?" என்பார். மற்ற படகுகளும் அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும். "அண்ணி, துன்னேன்னு சொல்லிடு, இல்லாங்காட்டி வலைய வுட்டுட்டு வந்துரப் போறாரு" என்று எவனாவது நடுவில் புகுந்து சொல்வான். எனக்கு வெட்கமாக இருக்கும். அதை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசிப்பேன்.

நீ இரண்டாம் வருடத்தில் அந்தப் பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்தாய். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். பழைய புத்தகம், யாரோ ஓரத்தில் பென்சிலால் கணக்கெல்லாம் போட்டிருந்தார்கள். நீ சாப்பிட்டுக்கொண்டே அப்பாவுக்கு விளக்கினாய். ஒரு அமைப்பு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அதற்குள் எல்லாவற்றையும் அனுப்பிப் பார்க்க வேண்டாம், சுருக்கென்று ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும், அதற்கு அது என்ன பதில் சொல்கிறதோ அதை வைத்தே மற்ற எல்லாவற்றுக்கும் என்ன சொல்லும் என்று கணக்குப் போட்டுவிடலாம் என்றாய். அப்பா மீன்முள்ளை எடுத்து வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். "இத்தயா நாலு வருசம் படிக்கிற நீ? தேங்காக் கடைக்காரன் டெய்லி தட்டிப் பாத்துகினு தான கீறான். அவனுக்கு இன்னா டிகிரி குட்த்தாங்க?" நீ சிரித்துப் புரையேறி, நான் உன் தலையில் தட்டினேன். "பாரு, உங்கம்மா தட்னா காலி சத்தம் வருது" என்றார். நான் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது. அந்தப் புத்தகத்தின் மேல் பொறாமை. நீ அதை வீட்டில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போன நாட்களில் திறந்து பார்ப்பேன். முதல் பக்கத்தில் வரையறை. எனக்குப் பள்ளியில் இருந்தே வரையறைகள் பிடிக்கும். ஒரு பொருளை இது இதுதான் என்று ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிடுகிற தைரியம் பிடிக்கும்.

இனி அந்த நாள். மறுநாள் உனக்கு அந்தப் புத்தகத்துப் பரீட்சை. அப்பாவும் சித்தப்பாவும் விடியற்காலையில் ஃபைபர் படகில் போயிருந்தார்கள். வஞ்சிரம் கிடைக்கிறது என்று வழக்கத்தைவிடத் தூரம் போவதாகவும், மாலையில் திரும்புவதாகவும் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் இருந்து மற்றப் படகுகளின் கைச்செட்டுக்குக் குரல் எட்டாது, உயரத்தில் இருந்த நம் ஆன்டெனாவுக்குத்தான் எட்டும். பெட்டியில் இரண்டு குமிழ் உண்டு என்பது உனக்குத் தெரியும். ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. மற்றது, யாரும் பேசாதபோது வருகிற அந்த ஓயாத இரைச்சலை அடக்குவது. பெட்டியைப் பொருத்த வந்தவர் அந்த இரண்டாவதைத் தொடாதீர்கள், இரைச்சல் கொஞ்சம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. நானும், எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறவள், அதை மட்டும் கேட்கவில்லை. காலை எட்டரைக்கு நீ எழுந்து வந்து அதைத் திருப்பினாய். "யம்மா, மண்டைக்குள்ள ஸ்ஸுன்னு ஓடுது. ஒண்ணும் ஏற மாட்டேங்குது." நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ உள்ளே போனதும் பழையபடி திறந்து வைத்துவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நீ பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டிருந்ததால் இரைச்சல் திரும்பி வந்ததைக் கேட்கவில்லை. பதினொரு மணிக்குக் காதுப் பஞ்சோடேயே நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க ராயபுரம் போனாய். பன்னிரண்டுக்கு அப்பா கூப்பிட்டார். மெல்லிய குரல், தூரத்தில் இருந்து, பாதி இரைச்சலோடு. "மீனு கீதுமே. நாலு மணிக்குக் கெளம்பிருவோம். புள்ள துன்னானா?" நான் நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் கண்ணாலேயே பார். காலையில் நீ திருப்பியது அப்படியே இருந்திருந்தால் பன்னிரண்டு மணிக்கு அந்தக் குரல் இந்த வீட்டுக்குள் வந்திருக்க முடியாது.

நீ ஒன்றரைக்குத் திரும்பினாய். வெயிலில் முகம் கறுத்திருந்தது. பஞ்சை எடுக்காமலேயே சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு புத்தகத்தையே பார்த்தாய். "ஃபெயிலாயிடுவேம்மா" என்றாய், என்னைப் பார்த்துக்கூட இல்லை, தட்டைப் பார்த்து. உள்ளறைக்குப் போய் மறுபடி உட்கார்ந்தாய். இரண்டு மணி. அடுத்த அழைப்பு நான்குக்குத்தான். பஞ்சையும் மீறி உனக்குக் கேட்குமோ என்று நான் எழுந்து போய் அந்தக் குமிழைத் திருப்பினேன். பெட்டியை அணைக்கவில்லை, சத்தத்தைக் குறைக்கவில்லை, அதெல்லாம் தப்பு என்று எனக்குத் தெரியும். இரைச்சலை மட்டும்தான் அடக்குகிறேன், பேச்சு வந்தால் வரும் என்று நினைத்தேன். மூன்று மணிவாக்கில் பக்கத்தில் இருந்த ஒரு படகு ஐஸ் வேண்டும் என்று கூப்பிட்டது. பளிச்சென்று கேட்டது. பார்த்தாயா, வேலை செய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு குரல்தான் என்னை முழுதாக ஏமாற்றியது. கிட்டே இருப்பவன் குரல் கேட்டது என்பதால் எல்லார் குரலும் கேட்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. அந்த இரண்டு மணி நேரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். வருடக்கணக்காகக் கேட்டுக்கேட்டு அது இரைச்சல் என்பதையே மறந்திருந்தேன், அது நின்றதும் வீடு சட்டென்று பெரிதானதுபோல இருந்தது. நீ உள்ளே பக்கம் திருப்புவது கேட்டது. கும்மிடிப்பூண்டி ரயில் போவது கேட்டது. உன் இன்னொரு நோட்டு கூடத்தில் கிடந்தது, எடுத்துப் படித்தேன். நினைவுள்ள அமைப்பு, நினைவில்லாத அமைப்பு என்று நீ இரண்டு கட்டம் வரைந்திருந்தாய். எனக்குப் பதினேழு வயதாகி, நாளைக்கு எனக்கே பரீட்சை என்பதுபோல இருந்தது. நான் படித்துக்கொண்டிருந்தேன், கண்ணு. உன் அப்பா கடலில் இருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்குக் குமிழைத் திரும்பத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன், வெறும் இரைச்சல். நோட்டில் "நான்கு மணி, பதில் இல்லை" என்று எழுதினேன், பதில் சொல்லாதவர் அவர் என்பதுபோல. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பொழுது சாயும்போது எண்ணூர்ப் படகு ஒன்று சித்தப்பாவை எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதக்கக் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தது. அப்பா மூன்றாம் நாள் பழவேற்காட்டுப் பக்கம் கிடைத்தார். சித்தப்பா அன்று நம் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன். "ரெண்டரைக்கு மோட்டாரு நின்னு போச்சி. கப்பலுங்க போற ரூட்டாண்ட தண்ணி இஸ்துகினு போவுது. அண்ணன் கைச்செட்டுல கூப்ட்டாரு. மொத தபா சிரிச்சிகினே தான் கூப்ட்டாரு. 'இன்னாமே கரை, புக்கு படிச்சிகினு கீறியா'ன்னாரு. ஏழு தபா கூப்ட்டாரு. அப்பறம் பேட்டரி பூட்சி. அப்பறம் ஒரு கப்பலு கிட்ட போச்சி, அந்த அலைல கவுந்துட்டோம்." சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள், அவர் அப்படித்தான் கேட்பார் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு சித்தப்பா என்னைப் பார்த்தார். "பொட்டி ஆன்ல தான இருந்திச்சி, அண்ணி?" இருந்தது என்றேன். அது பொய் இல்லை. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நீ எழுந்து நின்றாய். "நான் தான் சித்தப்பா. காத்தால எரைச்சல கம்மி பண்றத்துக்கு அத்தத் திருப்பினேன். அம்மாவுக்குத் தெரியாது."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. ஒரு மூச்சு நேரம்தான். சித்தப்பா உன்னைப் பார்த்தார், எழுந்து வெளியே போனார். யாரோ ஒரு அக்கா என் தோளைப் பிடித்து, "வுடு, பச்சப்புள்ள தெரியாம பண்ணிடுச்சி" என்றாள். நான் அழுதேன், அதனால் பேச முடியவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் எனக்கு அந்த நொடியில் நிம்மதியாக இருந்தது. பெற்ற பிள்ளை தன் மேல் எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்து ஒரு தாய்க்கு நிம்மதி வந்தது என்று எழுதுகிறேன், நீ இதை இரண்டு முறை படிக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். உனக்குச் சோறு இறங்கட்டும், கல்லூரிக்குத் திரும்பட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போகப் போக, முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கடைசியில் அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயந்தேன்.

அதன் பிறகு இந்த வீட்டில் அந்தக் குமிழ் முழுதாகத் திறந்தே இருந்தது. பகலெல்லாம் இரைச்சல். நீ அதைப் பொறுத்துக்கொண்டாய், அது உனக்கான தண்டனை என்று நினைத்திருப்பாய். அது எனக்கானது. அதற்குள் அவர் குரல் வரும். குக்கர் ஆவி விடும்போது, குழாயில் காற்று வரும்போது, எண்ணூர் சாலையில் லாரி பிரேக்கைத் தளர்த்தும்போது, "கரை" என்று வரும். ஆறு தடவை வருவதில்லை, எட்டுத் தடவை வருவதில்லை. ஏழு வந்ததும் நின்றுவிடும். நான் எண்ணாமல் இருக்கப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை. நீ கல்லூரியில் இருக்கும் நேரத்தில் உன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன், இந்தத் தடவை ஆசைக்காக இல்லை. அந்தக் குமிழ் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள. உன் புத்தகத்தில் நேராக அது இல்லை. உன் சீனியர் ஒருவன் விட்டுப்போன வேறொரு புத்தகத்தில் கிடைத்தது. அது இரைச்சலைப் பொறுக்கி எடுத்து வெளியே போடுவதில்லையாம். ஒரு கோடு போடுகிறதாம். அந்தக் கோட்டுக்குக் கீழே பலம் குறைந்து வருவது எதுவானாலும், இரைச்சலோ ஒரு மனுஷன் குரலோ, அதன் வாயை அடைத்துவிடுமாம். அரைப் பக்கம்கூட இல்லை. அந்த அரைப் பக்கத்தை யாராவது எனக்கு முன்னாலேயே படித்துக் காட்டியிருந்தால் என்று யோசித்து யோசித்து என் வயது கூடிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், படிப்பு ஒரு ஆளைக் கொன்றது என்று நீ இனி எங்கேயும் சொல்லாதே. அவரைக் கொண்டுபோனது எனக்குத் தெரியாமல் இருந்த அரைப் பக்கம். ஏன் என்று கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. மற்ற எல்லாப் பேப்பரையும் எழுதி முடித்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் நீ நான்கு முறை உட்கார்ந்து நான்கு முறையும் எழுந்து வந்தாய். ஒரு முறை கேட்டபோது, "கேள்வித்தாள்ல ஒரு பொட்டி வரஞ்சிருப்பாங்கம்மா. உள்ள ஒரு அம்பு, வெளிய ஒரு அம்பு. அத்தப் பாத்தா நம்ம பொட்டியாட்டம் தெரியுது. கை நின்னுடுது" என்றாய். அன்றுகூட நான் சொல்லவில்லை. உனக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அடுப்படிக்குப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன், அப்போதும் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இது என்னுடைய சந்தேகம். பன்னிரண்டு மணிக்கு அப்பா பேசினார் என்பதை அந்தக் கூடத்தில் நான் சொல்லவில்லை, நோட்டை பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆனால் "அண்ணன் மத்தியானம் கூட பேசினாரு" என்று சித்தப்பா வேறெங்கோ சொல்லி உன் காதில் விழுந்திருக்கலாம். நீ கணக்குப் போடத் தெரிந்தவன். மூன்று வருடமாக நீ கண்டுபிடித்துவிடுவாயோ என்று பயந்தேன். கொஞ்ச நாளாக வேறொரு பயம். நீ எப்போதோ கண்டுபிடித்துவிட்டு, எனக்காகச் சும்மா இருக்கிறாயோ என்று. அப்படியானால் நீ செய்தது சரியில்லை, கண்ணு. இனி யாருக்காகவும் அதைச் செய்யாதே, உன் பெண்டாட்டிக்காகவும், நாளைக்குப் பிள்ளைகளுக்காகவும். ஒருவர் தப்பை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் அந்தத் தப்புக்குச் சொந்தக்காரர் நல்லவராகிவிடுவதில்லை. அவர் கோழையாகி, பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, நீ தேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் நேற்று எழுதினேன். இன்று காலை சித்தப்பாவை வரச்சொல்லிப் படித்துக்காட்டினேன். நின்றுகொண்டே கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. முடித்த பிறகு அவர் என் மேல் கத்துவார் என்று காத்திருந்தேன். "மூணு வருசமா அந்தப் புள்ள மூஞ்ச நான் பாக்கல, அண்ணி" என்றார். "தெருவுல எதுக்க வந்தா நான் அந்தாண்ட திரும்பிக்குவேன். அவன் தல குனிஞ்சிகினு போவான். அத்த நீ ஜன்னலாண்ட நின்னு பாத்துகினு தான இருந்த?" ஆமாம் என்றேன். பெட்டிக்குப் போகிற ஆன்டெனா கம்பியைக் கழற்றினார், பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இனி அது வேறு வீட்டில் இருக்கும். அதுதான் சரி. வாசலில் திரும்பி, "கடுதாசிய மதியானம் வந்து வாங்கிக்கிறேன். நானே குடுக்குறேன் அவன் கைல" என்றார். வீடு இப்போது சத்தமில்லாமல் இருக்கிறது. அதில் உட்கார என்னால் முடியவில்லை, கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து இதை முடிக்கிறேன்.

பரீட்சைக்கு விண்ணப்பிக்க இன்னும் எட்டு நாள் இருக்கிறது. எழுது என்று நான் சொல்லப்போவதில்லை, சொல்கிற இடத்தில் நான் இல்லை. குஜராத் போவதானாலும் போ. அந்த வேலை பிடித்துப் போகிறாய் என்றால் சந்தோஷம். எனக்கு உரியதைச் சுமந்துகொண்டு மட்டும் ரயில் ஏறாதே, அதற்காகத்தான் இவ்வளவும். நேரில் சொல்லத் தைரியமில்லாமல் எழுதினேன் என்று நினைக்காதே, அதுவும் கொஞ்சம் உண்மைதான். ஆனால் நேரில் சொல்லியிருந்தால் நீ உடனே, நான் முடிப்பதற்குள்ளேயே, "பரவால்லம்மா, வுடு" என்று சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதை இப்போது சொல்லாதே. சித்தப்பா கொடுத்ததும் போன் செய்யாதே. முதலில் என் மேல் கோபப்படு. உனக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் கோபப்படு, இத்தனை வருடமும் உன் மேலேயே பட்டுக்கொண்டாயே, அது அத்தனையும் எனக்குச் சேர வேண்டியது.

அம்மா